அருவாமனையும் கிறிஸ்துமஸ் கேக்கும் ஒரே அடுப்பில்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை, ஒரு அருவாமனை வாங்கிட்டு வர்றது. அம்புட்டுத்தான்.

தொண்ணூறுகள்ல நடந்தது. ராஜபாளையத்துல ஒரு மில் ஆபீஸ்ல நான் கிளார்க். கத்தி செய்யறது பொழுதுபோக்கு.

"வாங்குவானேன்? நானே செய்றேன்!"னேன் வீட்டுக்காரிகிட்ட.

"போன தடவை நீங்க செஞ்ச கத்தி கத்தரிக்காய்க்கே வளைஞ்சுச்சு"ன்னா.

அது சூட்டுப் பக்குவம் தெரியாத காலம். இப்பத்தான் தெரியுமே!

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேய்ச்சு அலகாக்கி, கரி அடுப்புல செக்கச்செவேல்னு காய்ச்சினேன். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடு ஏறணும். ஏறுச்சு. அப்படியே எண்ணெய்க்குள்ள முக்கினேன். குப்புன்னு தீ எழும்பி பாதி மீசை போச்சு.

ஆனா அலகு என்னா கெட்டி! அரத்தை வச்சுத் தேய்ச்சா வழுக்குது.

கத்தி செய்யப் பழகுறவங்க இங்க கவனிக்கணும். இந்த நெலமையில இரும்பு கண்ணாடி மாதிரி. கீழ விழுந்தா ரெண்டு துண்டு. மறுபடி மிதமான சூட்டுல வச்சா, மேல வைக்கோல் நிறம் படரும். அப்ப எடுத்துட்டா கெட்டியாவும் இருக்கும், உடையவும் உடையாது.

சீரான சூட்டுக்கு எங்க வீட்டு அடுப்பு சரிவராது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் சிநேகிதன் அந்தோணி பேக்கரி வச்சிருந்தான். பஸ் ஏறிட்டேன்.

அலகைத் துண்டுல சுத்தி மடியில வச்சு, குலுங்கும்போதெல்லாம் அணைச்சுக்கிட்டேன்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா?"ன்னார் கண்டக்டர்.

"பிள்ளை இல்லைங்க. அருவா."

பக்கத்து சீட்டுக்காரர் எந்திரிச்சுப் பின்னால போயிட்டார். தாராளமா உட்கார்ந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அது. அந்தோணி மாவும் கையுமா நின்னான். சர்ச்சுக்குப் போக வேண்டிய கேக்கு எல்லாம் அடுப்புக்குள்ள. அவனுக்குக் கெடைச்ச மொத பெரிய ஆர்டர்.

"இது சொதப்புச்சுன்னா பொறவு எவனும் என் கடைக்கு வரமாட்டான்லே. அருவாவை அடுப்புக்குள்ள ஓரமா வையி. கேக்குல படக் கூடாது."

"படாதுலே. சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்!"

அவன் அட்டைப்பெட்டி மடிக்கப் பின்னால போனான். நான் அடுப்புக்குக் காவல்.

நிறம் வந்துச்சான்னு கதவைத் திறந்து பார்த்தேன். வரலை. மூடினேன். செத்த நேரம் கழிச்சுத் திறந்தேன். லேசா மஞ்சள். மூடினேன். விட்டா நீலமாகிப் பதம் போயிருமேன்னு பயம். மறுபடி திறந்தேன்.

கடைசியில, அசல் வைக்கோல் நிறம்!

"அந்தோணி, ஓடியாலே! வந்திருச்சு!"

ஓடி வந்தவன் அலகைப் பார்க்கலை. கேக்கைப் பார்த்தான். ஒண்ணு விடாம எல்லாம் நடுவுல பள்ளம்.

"ஏலே, கதவைத் திறந்தியா?"

"நிறம் பார்க்கத் திறந்தேன்."

"எம்புட்டு தடவை?"

"நிறம் வார வரைக்கும்."

மாவுக் கையோட தலையில அடிச்சுக்கிட்டான். "வேகுற கேக்குல வெளிக்காத்து பட்டா அமுங்கிரும்லே! ஃபாதர்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

அவன் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு அந்த அடுப்புக்குள்ளயே போயிரலாம்னு இருந்துச்சு.

சாயங்காலம் ஃபாதர் வந்தார். ஒரு கேக்கை எடுத்து, பள்ளத்தை விரலால தடவிப் பார்த்தார்.

"அட! மெழுகுவத்தி நிறுத்த இடமா? நல்லா யோசிச்சிருக்கியே அந்தோணி!"

"ஆமா ஃபாதர்"னு அவனுக்கு முன்னால நான் சொல்லிட்டேன்.

அருவாமனை அருமையா அமைஞ்சுது, பூசணிக்காயே ஒரே இழுப்புல ரெண்டாச்சு. ஆனா ஃபாதர் அடுத்த வருஷமும் அதே கேக்குதான் வேணும்னுட்டார்.

கிறிஸ்துமஸ் வந்தா, அந்தோணி கடையில அடுப்புக் கதவைத் திறந்து மூடுற வேலை எனக்கு.