பொம்மிடிக்குப் போன எத்தனால் வண்டி

இழவு வீட்டில் ஆளுக்கொரு வேலை கொடுப்பார்கள். ஆள் தட்டுப்பாடு வந்தால் முட்டாளுக்கும் முக்கியமான வேலை கிடைத்துவிடும். பெரியப்பா இறந்த அன்று எனக்குக் கிடைத்தது அப்படித்தான். சென்னையிலிருந்து ரயிலில் வரும் அவருடைய ஒரே மகள் செல்வி அக்காவைப் பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து கூட்டி வர வேண்டும்.

நான் அப்போது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கோயம்புத்தூரில் கல்லூரிகளுக்கான பைக் பந்தயம் வரவிருந்தது. பெட்ரோல் கூடாது, எத்தனாலில்தான் ஓட்ட வேண்டும். அப்பாவின் பழைய பைக்கைப் பிரித்து, கார்புரேட்டர் ஜெட் துளையைப் பெரிதாக்கி (அப்பா இன்னும் மன்னிக்கவில்லை) ஒரு வண்டி செய்து வைத்திருந்தேன். பார்க்க ராக்கெட், சத்தம் மாவு மில். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள், பெரியப்பாவைத் தவிர.

ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியே காலம் கழித்தவர் அவர். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகிலிருந்துதான் இந்த எரிபொருள் வருகிறது என்று சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க பையன் வண்டி நம்ம கரும்புலதாங்க ஓடுது" என்று டீக்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு தடவை தன்னை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டார். பந்தயம் முடியட்டும் பெரியப்பா என்றேன். அவர் பந்தயம் வரைக்கும் இருக்கவில்லை.

அன்றைக்குப் பார்த்து ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். காப்புக் கட்டியாகிவிட்டது, தள்ளிவைக்க முடியாது. மத்தியானம் கரகம் புறப்படுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அக்கா வந்து அப்பா முகத்தைப் பார்த்தாக வேண்டும். வீட்டிலிருந்த பைக்குகள் எல்லாம் சேதி சொல்லப் போய்விட்டன. மிச்சம் இருந்தது என் ராக்கெட்தான்.

நான் போகிறேன் என்று எழுந்தேன். அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு பெருமை. பெரியப்பாவின் மகளைப் பெரியப்பாவின் கரும்பிலேயே கொண்டுவந்து சேர்க்கப் போகிறேன் அல்லவா?

எத்தனால் பெட்ரோல் அளவுக்கு மைலேஜ் தராது. திரும்பி வருவதற்கு எத்தனால் கேனையும் எடுத்துப் போக வேண்டும். அதை மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், என் அத்தை வீட்டுக்காரர் முனுசாமி மாமா அதன் முன்னால் குந்தியபடி மூடியைத் திறந்து மோந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் குழி வெட்டப் போகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது வழக்கம். அதற்காக யாரோ கொண்டுவந்த சரக்கு என்று நினைத்துவிட்டார். நான் கேனைப் பிடுங்கி, இது குடிக்கிறதல்ல, காலேஜ் லேபில் மருந்து கலந்தது, குடித்தால் கண் போய்விடும் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். (மூன்றாம் ஆண்டு மாணவன் யார் பேச்சைக் கேட்பான்?) கேனைத் தூக்கியபோது முன்பைவிடக் கனமாகத்தான் இருந்தது. துக்கத்தில் எல்லாமே கனக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பொம்மிடி வரைக்கும் வண்டி ஜம்மென்று போனது. அக்கா ரயிலிலிருந்து வீங்கிய முகத்தோடு இறங்கினாள்.

"அப்பாவ எடுத்துடலியேடா?"

"உனக்காகத்தாங்க்கா வெச்சிருக்காங்க. வா."

கேனை டாங்கில் கவிழ்த்தேன். வண்டி கிளம்பியது. பொம்மிடியைத் தாண்டி ஒரு கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

பிளக்கைக் கழற்றி என் சட்டையில் துடைத்தேன். ஊதினேன். உதைத்தேன். ட்யூபைப் பிடுங்கி உறிஞ்சியதில் சட்டையெல்லாம் எத்தனால். அப்பா போன் செய்துகொண்டே இருந்தார். வந்துகொண்டே இருக்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். வேறு வண்டியை வரச் சொல்லலாமா என்று அக்கா கேட்டாள். இதோ கிளம்பிவிடும் என்றேன். அக்கா என்னை நம்பிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

கடைசியில், ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வந்த ஒரு டிராக்டர்தான் எங்களை ஏற்றிக்கொண்டது. டிரைவர் என் சட்டையை மோந்துவிட்டு மூக்கைச் சுளித்தார். காய்ந்த கரும்புச் சோகையும் தூசியுமாகக் கிடந்த டிரெய்லரில் வண்டி படுத்திருக்க, பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்குள் நுழையும்போதே பம்பைச் சத்தம் கேட்டது. கரகம் புறப்பட்டிருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. வீட்டில் பெரியப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த ஈரத்தில் போய் நின்றாள்.

என்மேல் அடித்த வாடையில் கூட்டமே விலகியது. அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அக்கா குறுக்கே வந்துவிட்டாள்.

"அடிக்காதீங்க சித்தப்பா. அவன் குடிக்கல. என்னைக் கூட்டியாரத்தான் அவ்ளோ பாடுபட்டான்."

அப்பா அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் மாமா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பிடியே குடுத்தா கொடலு வெந்துடும்னு பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திட்டேன் மாப்ள. சொல்ல வந்தேன், நீதான் காதுலயே வாங்கல" என்றார். குழி வெட்டியவர்கள் பிழைத்தார்கள். அன்றைக்கு என்னால் உருப்பட்ட காரியம் அது ஒன்றுதான்.

பந்தயத்தில் புது எத்தனால் ஊற்றினேன். வண்டி அழகாக ஓடியது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்போது பங்க் பெட்ரோலிலேயே எத்தனால் கலந்து வருகிறது. அக்கா ஒவ்வொரு திதிக்கும் வருகிறாள். பொம்மிடியில் என் வண்டியில் ஏறுமுன், "தண்ணி ஊத்தலியேடா?" என்று கேட்காமல் இருக்க மாட்டாள். எங்கள் குடும்பத்தில் இப்போது யார் எங்கே கிளம்பினாலும் இந்தக் கேள்விதான். காதுகுத்துக்கு வேன் எடுத்தால் டிரைவரிடம்கூடக் கேட்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், மாமா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

போன வருஷம் அந்தக் கரும்புத் தோட்டத்தைத் தாண்டும்போது அக்கா பின்னாலிருந்து கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதுவரை கேட்டதில்லை.

"அன்னைக்கு அப்பா மொகம் எப்பிடிடா இருந்துச்சி?"

"டீக்கடையில என் வண்டியப் பத்திப் பேச ஆரம்பிப்பாரே, அப்பிடி இருந்தாருக்கா."

அக்கா என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சட்டை நனைவது தெரிந்தது. நான் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினேன்.