பெனால்டி புள்ளியில் கொழுந்துக் கூடை

பயந்தாங்கொள்ளி கையில் விசிலைக் கொடுக்கவே கூடாது. வெளிநாடெல்லாம் போய் ஆட்டம் நடத்த வேண்டிய கால்பந்து நடுவர் ஒருவர் இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிப்போன கதை இது. (நடுவர் நான்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.)

அப்போது நான் இளம் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கிற பெண்களை மேற்பார்வை பார்ப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுகளுக்கு விசில் ஊதுவது பைத்தியம். அது எப்படியோ கொழும்புவரை எட்டி, கால்பந்துச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்க ரயிலேறி வந்துவிட்டார். ஒழுங்காக நடத்திக் காட்டினால், வெளிநாட்டு ஆட்டங்களுக்கு அனுப்பும் நடுவர்களோடு என்னையும் சேர்த்துக்கொள்வாராம்.

அவருக்குத் தோதான நாள் சனிக்கிழமை. பயத்தில் காலையிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் பாதியில் விசில் வாயில் இருந்தது, ஊதத்தான் மூச்சில்லை. கீச்சு கீச்சென்று ஏதோ வந்தது. பெரியவர் காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று சைகை காட்டினார். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் கோல் வாசலில் ஒருத்தன் இன்னொருத்தனின் காலை வாரிவிட்டான். பெனால்டி! இருக்கிற பயத்தையெல்லாம் சேர்த்து நீட்டி ஊதினேன். மைதானமே அடங்கியது. பெரியவர் தலையாட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் மேலே பார்த்தேன். மைதானத்தை ஒட்டிய தேயிலை மலையிலிருந்து பெண்கள் கூடையும் தலையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் நீள விசில் என்றால் கொழுந்து நிறுவை. தினமும் ஊதுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மலையில் ஆளிருக்காது. இது சனிக்கிழமை, வேலை நாள் என்பது மரமண்டைக்கு உறைக்கவில்லை.

விசில் ஊதியவன் எங்கேயோ அங்கேதானே நிறுவை? வந்து வரிசை கட்டிவிட்டார்கள். முன்னால் நின்றவள் பாக்கியம். இது நிறுவை இல்லை, போய்விடுங்கள் என்று மெல்லக் கெஞ்சினேன். அவள் பெனால்டி புள்ளியின் மேலேயே கூடையை இறக்கினாள்.

"ஊதுனது நீங்கதானுங்களே. எறங்குன மலைய இனி ஏற முடியாதுங்க. நிறுங்க."

தராசு வந்தது. நடுவர் உடுப்போடு நான் நிறுத்தேன். கோல்காப்பாளன் கூடை தூக்கிக் கொடுத்தான். நிறுத்து முடிப்பதற்குள் பனி இறங்கி மைதானமே மறைந்துவிட்டது. ஆட்டம் அதோடு சரி.

திட்டு வாங்கத் தலையைக் குனிந்து போய் நின்றேன். பெரியவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். விசிலைத் திருத்திக்கொள்ளலாம், பெனால்டி கொடுத்தது சரி, உன்னை எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், பாஸ்போர்ட் இலங்கையா, இந்தியாவா என்று.

தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள் என்பதால், இங்கேயே பிறந்த எங்கள் ஆட்களையும் இலங்கைப் பிரஜை இல்லை என்று சட்டம் போட்டிருந்த காலம். இந்தியாவை நான் பார்த்ததுகூட இல்லை.

"ரெண்டும் இல்லைங்க" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தோளைத் தட்டினார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

ஊர் கேட்டபோது, கூடையால் கெட்டது என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. பாக்கியத்தையே பிறகு கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் பிள்ளைகள் கூடினால், அப்பாவை வெளிநாடு போகவிடாமல் கூடையை வைத்து மறித்தது அம்மாதான் என்று கேலி நடக்கும். உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஆமா, நான்தான் வச்சேன்" என்பாள்.