பன்னிரண்டு மூட்டை

இனி எந்த விஷயத்திலும் அம்சவல்லியிடம் யோசனை கேட்பதில்லை என்று செல்லதுரை அன்று காலை மனைவி காதுபடவே அறிவித்தார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் இது நாற்பதாவது அறிவிப்பு.

வயலில் நாற்பத்தெட்டு மூட்டை நெல் கிடந்தது. ரோட்டுக்கு ஒரே வழி பண்ணையார் வைத்தியலிங்கத்தின் களம். செல்லதுரை கோர்ட்டு, தாசில்தார் என்று அலைந்த பிறகு பண்ணையார் அன்று ஒரு நாள் மட்டும் பாதை விட்டிருந்தார். பொழுது சாய்ந்தால் வேலியை அடைத்துவிடுவார். மேற்கே மழை வேறு கறுத்துக்கொண்டிருந்தது.

குட்டி டிராக்டரின் பின்னால் உள்ள தூக்குப் பலகை எட்டு மூட்டைதான் தூக்கும். ஆறு நடை. நேரம் போதாது.

"பன்னிரண்டு தூக்க வைக்கிறேன் பார்" என்று ஸ்பேனரோடு குனிந்தார் செல்லதுரை. ஹைட்ராலிக் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷர் வைத்தால் எண்ணெயின் அழுத்தம் ஏறும், பலமும் ஏறும். கூத்தாநல்லூர் மெக்கானிக் ஜெக்கரியா செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

"பின்னால பலம் ஏத்துறீங்க, சரி. முன்னால?"

"முன்னால மூட்டையா இருக்கு? போய் சாக்கைத் தை."

வாஷர் உட்காரவே மத்தியானமாகிவிட்டது. லீவரை இழுத்தார். பன்னிரண்டு மூட்டையும் சத்தமில்லாமல் தரையை விட்டு எழுந்தன. செல்லதுரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரல் பருமன் குழாயில் ஓடுகிற எண்ணெய்க்கா இத்தனை பலம்! இதே வயலில் அவர் அப்பா ஒவ்வொரு மூட்டையாக முதுகில் சுமந்து பண்ணையார் வீட்டில் இறக்கியவர். கைகூப்பத் தோன்றியது.

கிளட்சை விட்டார். மூட்டைகள் தரைக்கே திரும்பின. வண்டியின் மூக்கு வானத்துக்கு ஏறியது. செல்லதுரை ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு மேகம் பார்த்தார்.

"அம்சா!"

"என்கிட்டதான் கேக்கறதில்லையே?"

"அது நாளையிலேர்ந்து!"

"முன்னால கனம் வேணும். பம்பர்ல ஆள் உக்காரணும்."

"நீ உக்காரு." லீவரைத் தளர்த்தி மூக்கை இறக்கிவிட்டுக் கீழே குதித்தார்.

"நான் நாப்பது கிலோ. நீங்க தொண்ணூறு."

"அப்ப வண்டிய யாரு ஓட்டுவா?"

"உங்க அண்ணன் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனீங்களே, அப்ப நம்ம வயலை யாரு உழுதாங்க?"

"கூலிக்குத் துரைக்கண்ணு உழுதான்னு சொன்னியே!"

"சொன்னேன். கோடு போட்ட மாதிரி உழுதிருக்கான்னு நீங்களும் ஊரெல்லாம் சொன்னீங்க."

செல்லதுரை அவளை அண்ணாந்து பார்த்தார். அவள் ஏற்கெனவே சீட்டில் இருந்தாள்.

நாலு நடை. கடைசி நடை களத்தைத் தாண்டும்போது பொழுது இன்னும் ஒரு முழம் மிச்சமிருந்தது. வேலியடைக்க நின்ற பண்ணையார், பம்பரில் சம்மணமிட்டிருந்தவரைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னம்மா இது?"

அம்சவல்லி கியரை மாற்றினாள்.

"ஒண்ணுமில்லீங்க. முன்னால கனத்துக்குக் கட்ட இந்தக் களிமண் பூமியில கல்லு எங்க கிடைக்குது?"