பாட்டிலின் முதுகைப் படிப்பவர்

பாட்டிலின் முதுகைப் படிப்பவர் என்றொரு இனம் நம் நடுவே பெருகிவருகிறது. அடையாளம் காண்பது எளிது. கடையில் குளிர்பெட்டியின் கதவைத் திறந்துபிடித்தபடி, உள்ளே இருக்கும் குளிர் முழுவதும் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை நின்று, இனிப்புத் தயிர் பானம் ஒன்றைக் கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் வைத்து, பொடி எழுத்துகளை உதடு அசையப் படித்துக்கொண்டிருப்பார். பின்னால் ஐந்து பேர் காத்திருப்பார்கள். அவருக்கென்ன? பாட்டிலின் முகத்தைப் பார்த்து வாங்குபவர்கள் பாமரர்கள். முகத்தில் ஸ்ட்ராபெர்ரியும் சிரிக்கும் குழந்தையும்தான் இருக்கும். உண்மை முதுகில் இருக்கிறது என்பது அவர் சித்தாந்தம்.

எனக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் அவருக்கு ‘லேபிள்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் நிம்மதியாக எதையும் பிரித்துத் தின்ன முடியாது.

“அக்கா, அந்த பிஸ்கட்ல என்ன எண்ணெய்னு பாத்தீங்களா?”

“பாக்கல தம்பி. பசிச்சுது,” என்பார் தட்டச்சு செய்யும் அக்கா.

“பசிச்சா என்ன வேணா சாப்பிடுவீங்களா?”

“இப்போதைக்கு உன்னையே சாப்பிடலாம்னு இருக்கேன். திரும்பு, உன் முதுகுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துக்கறேன்.”

எல்லோரும் சிரிப்பார்கள். லேபிளும் சிரித்துவிட்டு, தன் இளஞ்சிவப்புப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரசங்கத்தைத் தொடங்குவார். கொழுப்பு பூஜ்யம். கால்சியம் உண்டு. புரதம் உண்டு. கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள். அந்தக் கிருமியின் நீளமான பெயரை, வீட்டுக்கு வரப்போகும் மாப்பிள்ளையின் பட்டங்களைச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்வார்.

“சர்க்கரை?”

“அது பால்லயே இருக்கறதுதான்க்கா. ஒண்ணும் பண்ணாது.”

பாலில் கொஞ்சம் சர்க்கரை இருப்பது உண்மைதான். ஆனால் அதே முதுகில், சேர்த்த பொருட்களின் வரிசையில், பாலுக்கு அடுத்த ஆளாகவே தனியாகச் சர்க்கரை உட்கார்ந்திருந்தது. இந்த இனத்தவரின் கண் பழுதில்லாத கண். பிடித்த வரியில் இறங்கும், பிடிக்காத வரியைத் தாண்டிப் பறக்கும்.

சரி, இவர் எப்படி இப்படி ஆனார்? அவர் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். படித்தது வரலாறு. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் பட்டத்துக்குப் பாடப்பிரிவு கிடையாது; பட்டம் வாங்கியவனுக்கு எல்லாம் தெரியும். மாத்திரை அட்டையை நீட்டுவார்கள், வாடகைப் பத்திரத்தை நீட்டுவார்கள், மின்விசிறியோடு வந்த தாளை நீட்டுவார்கள். படித்தவன் சொல்ல வேண்டும். சொன்னார். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. கேட்காததற்கும் சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய அப்பா இருபத்தாறு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர். சுகர் இருந்தது. வருடாந்தரப் பரிசோதனையில் டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “மூணு மாசம் டைம். குறையலன்னா ஸ்டியரிங்கத் தொட முடியாது.”

லேபிள் பொறுப்பெடுத்துக்கொண்டார். முதல் உத்தரவு, மூன்று வேளைத் தேநீர் ரத்து. அதற்குப் பதிலாக, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு இளஞ்சிவப்புப் பாட்டில். அப்பா மறு பேச்சுப் பேசவில்லை. பஸ் நிலையத்தில் கண்டக்டர் கேலி செய்தார்.

“என்னண்ணே, பால்குடிக்குத் திரும்பிட்டீங்க?”

“கிருமிடா. நல்ல கிருமி. பையன் படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்திருக்கான்.”

“இனிக்குமே?”

“இனிக்கும். அது வேற இனிப்பாம்.”

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை ஏறியிருந்தது. அன்று மாலை வீட்டில் அப்பா செய்த முதல் காரியம், தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டதுதான். “வழியில ரெண்டு நாள் பழம் சாப்பிட்டேன். அதான் ஏறியிருக்கும்.” படித்தவன் சொன்னது தப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவுக்குத் தோன்றியது. அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவர். நானூறு பேருக்குத் தேநீர் போடும் கை.

“அந்தப் பாட்டில்ல சக்கரை எவ்வளவுன்னு போட்டிருக்கு?”

“பதினஞ்சு கிராம்மா. கம்மிதான்.”

“முழு பாட்டிலுக்குமா?”

லேபிள் பாட்டிலின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். “நூறு மில்லிக்கு.”

“பாட்டில் எத்தன மில்லி?”

பொடி எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். “எரநூறு.”

அம்மா எழுந்து போய் ஒரு டம்ளரும் ஸ்பூனும் சர்க்கரை டப்பாவும் கொண்டுவந்தார். “ஒரு ஸ்பூன் அஞ்சு கிராம். எண்ணிக்கோ.” ஆறு ஸ்பூன் போட்டார். “இது காலைல.” இன்னும் ஆறு போட்டார். “இது சாயந்தரம். டீக்கு நான் ஒன்றரைதான் போடுவேன். மூணு டீக்கு நாலரை. நாலரையப் பிடுங்கிட்டுப் பன்னெண்டக் குடுத்திருக்கடா.”

டம்ளரில் பாதிக்குச் சர்க்கரை நின்றது. அப்பாதான், “விடு, அவன் வேணும்னேவா செஞ்சான்?” என்று டம்ளரை உள்ளே எடுத்துப் போனார்.

இப்போது அப்பா டிப்போவில் இருக்கிறார். பின்னோக்கி வரும் பஸ்களுக்கு முதுகுப்பக்கம் நின்று, வா, வா, போதும் என்று கை காட்டும் வேலை. ஓட்டுவது நேற்றுவரை அவரிடம் பழகிய பையன்கள். அடுத்த பரிசோதனையில் தேறினால் திரும்ப ஏறலாம். தேறாவிட்டால் கடைசிவரை கை காட்டலாம்.

லேபிள் நொறுங்கிப்போயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒரு வாரம் வாடினார். எட்டாம் நாள் தட்டச்சு அக்காவின் கையில் அதே பானத்தைப் பார்த்தார். “அக்கா, அது விஷம். பாட்டிலுக்கு முப்பது கிராம். நூறு மில்லிக்குப் போட்டு ஏமாத்தறானுங்க, ஜனங்களுக்குப் படிக்கத் தெரியல.” அதே குரல், அதே ஆட்காட்டி விரல்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. அன்று மாலை அப்பா டிப்போவிலிருந்து வரும் வழியில் ஒரு சத்துமாவுப் பொட்டலம் வாங்கி வந்தார். நேரே மகனிடம் நீட்டினார். “தம்பி, இத நான் சாப்பிடலாமா, பாத்துச் சொல்லு.” லேபிள் திருப்பிப் பார்த்தார். பதினேழு வரி இருந்தது. ஒன்பது வரி அவருக்குப் புரியவில்லை. “சாப்பிடலாம்ப்பா,” என்றார்.

நீங்கள் இப்படியெல்லாம் செய்ய மாட்டீர்கள். நீங்கள் கூட்டிப் பெருக்கிப் பார்க்கத் தெரிந்தவர். அந்தப் பதினைந்தை அம்மா கேட்பதற்கு முன்பே இரண்டால் பெருக்கியிருப்பீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் எதையோ நீட்டிக்கொண்டுதானே இருக்கிறார்? அவர் முகத்தைப் பார்த்து, “எனக்குத் தெரியல, தெரிஞ்சவங்கள கேப்போம்” என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது?