உங்கள் தங்கையின் சைக்கிள் டயர்கள் தொடர்பாக

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ள அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நாங்கள் நலம். ஹாலின் மேற்கூரை மட்டும் அவ்வளவு நலமில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை மறுபடியும் மலைப்பாதை சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறார். நூற்று அறுபது கிலோமீட்டர், ஒரே நாளில். ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று நீங்கள் போன வருடமே ஃபோனில் கேட்டீர்கள். அவர் பக்கத்திலேயே நின்றிருந்ததால் அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்தக் கடிதம் டயரைப் பற்றியது.

போன வருடம் நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. "டயர் போயிடுச்சு" என்று மட்டும் சொல்லியிருப்பார். அந்த டயரைத் தேர்ந்தெடுத்தவன் நான். தண்ணீர்ப் பம்புகளுக்கு ரப்பர் வாஷர் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு வந்தவனுக்கு ரப்பரைப் பற்றி எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பில், கடையில் இருந்ததிலேயே எடை குறைந்த ஜோடியாகப் பார்த்து மாட்டிவிட்டேன். எழுபத்தோராவது கிலோமீட்டர் இறக்கத்தில் ஒரு கல் பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. அடியில் ஓட்டை என்றால் ஒட்டிக்கொண்டு போகலாம், பக்கவாட்டில் கிழிந்தால் கதை முடிந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்தார். பந்தயத்தின் அடுத்த சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டிலோடு நான் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "கார் எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அதற்குப் பிறகு பதினோரு மாதமாக சைக்கிளைக் கழுவுவது, எண்ணெய் போடுவது, காற்றடிப்பது எல்லாம் அவரேதான். நான் பம்பை எடுத்து நீட்டினால்கூட "இருக்கட்டும்" என்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என்னிடம் இருந்த ஒரே இலாகா அது. அதுவும் போய்விட்டது.

இந்த வருடப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த அன்று, துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம், "டயரை நான் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல், "பாருங்களேன்" என்றார். அதை நான் நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரரை ஊரில் எல்லோரும் ஸ்போக்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆளும் சக்கரக் கம்பி மாதிரித்தான் இருப்பார். என்னைப் பார்த்ததும், "சார், அம்மா இப்பதான் வந்து..." என்று ஆரம்பித்தார். அம்மாவை இதில் இழுக்க வேண்டாம், பொறுப்பு என்னுடையது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். நல்ல மனிதர், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. "சார், அகலமா போட்டா பிடிமானம் இருக்கும், ஆனா இழுக்கும். ஒல்லியா போட்டா ஓடும், ஆனா வழுக்கும். பல்லு பெருசா இருந்தா சேத்துக்கு நல்லது, கெட்டித் தரையில உயிரை வாங்கும். கனமா இருந்தா கிழியாது, ஏத்தத்துல அழுகை வரும்" என்றார். "அப்ப எதைத்தான்யா போடறது?" என்றேன். "அது ஓட்டறவங்களைப் பொறுத்தது சார். அம்மாவைக் கேட்டுட்டு..." என்று மறுபடியும் அம்மாவிடமே வந்து நின்றார். ஓட்டுகிறவரையே கேட்பதென்றால் நான் எதற்கு? ஆறு ரகத்தில் ஆறு ஜோடியும், மாட்டிப் பார்க்க இரண்டு சக்கரங்களும் இரவல் வாங்கி வந்துவிட்டேன்.

ஆறையும் எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வந்தது. கிழிந்ததற்குப் பதிலாக அதே ரகத்தில் இன்னொன்றை அப்போதே மாட்டியிருந்ததால், சைக்கிளிலேயே இருக்கும் போன வருடத்து ரகத்தை ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டேன். உங்கள் தங்கை எக்ஸ்ரே பிரிவில் காலை வேலைக்குப் போனதும் சக்கரங்களைக் கழற்றி அளந்துவிட்டு, அவர் திரும்புவதற்குள் மாட்டிவிடுவேன். பல நாள் அளந்து முடிவதற்குள் அவரே வந்து நின்றிருக்கிறார். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். தினமும் காட்டுப்பாதையில் ஓட்டுவதால் டயரில் பெயர் இருக்கும் இடமெல்லாம் சேறு அப்பிக் கிடந்தது. துடைத்துப் படிக்கவில்லை. என் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே அது இன்ன ரகம் என்று எழுதியிருக்கும்போது எதற்குத் துடைக்க வேண்டும்?

உருளும் தன்மையைப் பார்க்க எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்துச் சரிவில் ஒவ்வொரு சக்கரமாக விட்டேன். எதிர்ச் சாரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருப்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது சக்கரம் உள்ளே போனபோது கடைக்காரர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து வந்து, "ஐயா, இது உங்களுதுதானே? கடையில ஒருத்தர் எழுத்துப் படிச்சிட்டிருந்தாரு, இது வந்ததுல மொத வரியே தெரியலைங்கறாரு" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, கூடவே எந்தச் சக்கரம் வேகமாக வந்தது என்றும் கேட்டேன். அவர் சக்கரத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். ஈரத்தில் ரப்பர் எப்படி என்று பார்க்கக் குளியலறைத் தொட்டியில் ஊறப்போட்டதில் மூன்று நாள் கறுப்புத் தண்ணீர் வந்தது. பிறகு டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் வெள்ளைப் பசையை ஊற்றி, ஹாலில் வைத்து, அது தாங்கும் வரை காற்றடித்துப் பார்க்கலாம் என்று அடித்தேன். அது தாங்கும் வரைதான் தாங்கியது. மேற்கூரை முழுக்க வெள்ளைப் புள்ளி. சுவரில் மாட்டியிருந்த உங்கள் புகைப்படத்திலும் மீசை வெளுத்துவிட்டது, துடைக்கப் போனால் முகமும் சேர்ந்து வருகிறது. பார்ப்பவர்கள் இப்போதுதான் உங்கள் வயதுக்குச் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

இனிச் சொல்லப் போவது நமக்குள் இருக்கட்டும். எல்லாச் சோதனையிலும் முதலாவதாக வந்தது அந்த ஏழாவது ஜோடி, சைக்கிளில் இருக்கும் அதே டயர். உருளலில் முதலிடம். ஈரத்தில் முதலிடம். போன வருடம் கிழிந்ததே, அந்தப் பக்கவாட்டு வலுவிலும் முதலிடம். வலு அளக்கும் கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, அதைப் பழைய தொழிற்சாலைக்கு எடுத்துப் போய்ச் சரிபார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பதிவேட்டில் 'முன் நடத்தை' என்று ஒரு புதிய பத்தியைப் போட்டு, அந்த ஜோடிக்கு நாற்பது மதிப்பெண் குறைத்துவிட்டேன். இருப்பதிலேயே கனமான ஐந்தாம் ஜோடி முதலிடத்துக்கு வந்துவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு வாஷருக்குக்கூட நான் மதிப்பெண்ணைத் திருத்தியதில்லை. ஆனால் அதே டயரை மாட்டி அனுப்பிவிட்டு, மறுபடியும் அந்தச் சாவடியில் பாட்டிலோடு நிற்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே என் வேண்டுகோள். உங்கள் பேச்சுக்கு உங்கள் தங்கையிடம் தனி மதிப்பு உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஃபோன் செய்து, ஏதோ பேச்சோடு பேச்சாக, "பின் டயர் கொஞ்சம் கனமா இருந்தா நல்லதாமே, எங்கயோ படிச்சேன்" என்று போட்டுவையுங்கள். நீங்கள் படிக்கிற வழக்கம் இல்லாதவர் என்பது அவருக்குத் தெரியும், எனவே "யாரோ சொன்னாங்க" என்றே சொல்லலாம். அந்த யாரோ நான் என்பது மட்டும் தெரியக் கூடாது.

உங்கள் முழங்கால் உங்கள் சொல்பேச்சு கேட்கட்டும். அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் தெரிவியுங்கள். நடுவில் இருப்பவர்கள் இரண்டில் விருப்பமானதை எடுத்துக்கொள்ளட்டும்.

பணிவுடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: ஃபோன் செய்ய வேண்டாம். செய்தாலும் டயரைப் பற்றிப் பேச வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு எழுதிய பிறகு மனம் வரவில்லை. உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் தங்கை வந்து, வாசலில் சைக்கிளைக் கழுவ ஆரம்பித்தார். பந்தயத்துக்கு முன் சுத்தமாகக் கழுவுவது வழக்கம். சேறு கரைந்து ஓடியதும் டயரில் பெயர் தெரிந்தது. நான் கேள்வியே படாத பெயர்.

"இது போன வருஷத்து டயர் இல்லையே?" என்றேன்.

"அதைத்தான் பேர் குடுத்த வாரமே மாத்திட்டேனே. ஸ்போக்கு கடையிலதான் வாங்கினேன். நீங்கதான் தினமும் கழட்டிக் கழட்டி அளந்துட்டிருந்தீங்க, தெரியும்னுல்ல நெனச்சேன்?"

"அப்ப மத்த ஆறு ஜோடி எதுக்குன்னு கேக்கவே இல்லையே நீ?"

"ரிட்டயர் ஆன மனுஷன், ஏதோ ஆராய்ச்சி பண்றீங்கன்னு விட்டுட்டேன்." குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். எக்ஸ்ரே அறையில் மூச்சைப் பிடிக்கச் சொல்லும் குரல் அவருக்கு ஒன்று உண்டு, இது அது இல்லை. "அளந்ததுல இது எப்படி வந்துச்சு? மறைக்காம சொல்லுங்க. இதைப் போட்டுக்கிட்டு அந்த எறக்கத்துல எறங்க எனக்கே பயமாத்தான் இருக்கு."

"எல்லாத்துலயும் முதலிடம்," என்றேன்.

நம்பவில்லை. பதிவேட்டைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன முன் நடத்தை? புது டயருக்கு எதுக்கு நாப்பது மார்க் கொறச்சிருக்கீங்க?"

"அது டயருக்குக் கொறச்சது இல்ல," என்றேன்.

அவர் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த நாற்பதைக் குறுக்கே அடித்தார். திருத்தம் செய்தால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்று சொன்னேன். போட்டார். தேதி போடவில்லை, அதை நான் போட்டுக்கொண்டேன்.