நாலே நாலு பாடம்

உலகத்தில் படித்தவர்கள் உண்டு, படிக்காதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஒரு வர்க்கம் இருக்கிறது: இன்னும் கொஞ்சம் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருப்பவர்கள். முதல் இரண்டு பேரையும் அடையாளம் காண்பது கொஞ்சம் சிரமம். மூன்றாமவரைக் கண்டுபிடிக்க நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அவரே வந்து உங்களிடம் அபிப்பிராயம் கேட்பார்.

லௌட்டோகா துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரர் விலிமோனி இந்த வர்க்கத்துக்குத் தலைவர் என்றே சொல்லலாம். வயது நாற்பத்தொன்று. கையில் ஒரு டிப்ளமா. மாலைக் கல்லூரியில் இன்னும் நாலே நாலு பாடம் படித்துத் தேறினால் அது பட்டமாகிவிடும். பட்டம் இருந்தால், இரண்டு வருஷத்தில் ஓய்வுபெறப் போகிற மேலாளரின் நாற்காலிக்கு மனுப் போடலாம். மேலாளருக்குச் சனிக்கிழமை விடுமுறை, எங்களுக்குக் கிடையாது. விலிமோனியின் மகள் லிட்டியா பள்ளி அணிக்காக வலைப்பந்து ஆடுவதெல்லாம் சனிக்கிழமைகளில்தான். பெரிய ஆட்டக்காரி என்று ஊரே சொல்கிறது. அப்பா ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அந்த ஒன்று மட்டும் அவருக்கு நிஜமான ஏக்கம்.

பிறகென்ன, சேர வேண்டியதுதானே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

இந்த வர்க்கத்தார் படிப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியங்கள் ஏராளம். கல்லூரி விளக்கக் கூட்டம் எங்கே நடந்தாலும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த சாண்ட்விச்சைத் தின்று, கையைத் தூக்கி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்டுவிட்டு (விலிமோனிக்கு வண்டி கிடையாது, பஸ்தான்) கையேட்டை வாங்கி வந்து, போன வருஷத்துக் கையேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். புத்தகப் பை வாங்க வேண்டும். கணினியில் அட்டவணை போட வேண்டும். இடப்பக்கம் லாபம், பச்சை நிறத்தில்: 'பட்டம்', 'பதவி', 'சனிக்கிழமை'. வலப்பக்கம் நஷ்டம், சிவப்பில்: 'கண்ணாடி மாற்ற வேண்டி வரலாம்', 'வகுப்பில் நானே மூத்தவனாக இருப்பேன்', 'ஆசிரியர் என்னை விடச் சின்னப் பையனாக இருந்தால்?'

"எல்லாப் பக்கமும் பாக்கணும் மச்சான்" என்பார். எத்தனை பக்கம் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் தீவில் கனமான கேள்வியை வெறுங்கையோடு கேட்கிற வழக்கமில்லை. கவா வேர் ஒரு கட்டு முன்னால் வைத்துத்தான் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர்கள் அதை இடித்து, மரச்சட்டியில் கரைத்து, சிரட்டை சிரட்டையாய்க் கை தட்டிக் குடித்தபடி பதில் சொல்ல வேண்டும். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கண்டாவுத் தீவிலிருந்து தாய்மாமன் அனுப்பிய முதல்தரமான வேரோடு விலிமோனி கிடங்குக்குப் பின்புறம் வந்து உட்கார்ந்து, "படிக்கலாமா, வேண்டாமா?" என்றார்.

"சேந்துடு" என்று சொல்லிவிட்டார் கிடங்குப் பொறுப்பாளர் எசாலா. நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது சிரட்டை வந்தது. நாக்கு சுகமாக மரத்தது. எசாலாவின் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. விலிமோனி முடிவெடுத்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும், கேள்வி தீர்ந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை இந்த வேருக்கு எங்கே போவது?

"ஆனா மச்சான், மூணாவது பாடம் புள்ளியியலாமே" என்றார் எசாலா. "அதுக்குக் கொஞ்சம் யோசிக்கணும்."

"அதத்தான் நானும் பாக்குறேன்." விலிமோனிக்கு அப்படியொரு நிம்மதி.

"அடுத்த வெள்ளிக்கெழம உக்காந்து விரிவாப் பேசுவோம்" என்றேன். நான்தான் சொன்னேன். நாக்கு மரத்திருந்ததால் கூசவில்லை.

அப்புறம் என்ன, வாராவாரம் பேசினோம். எசாலா படிக்கச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன். அவர் அனுபவமே பெரிது என்றால் நான் பட்டத்தின் பெருமையைப் பாடுவேன். அடுத்த வாரம் இருவரும் கட்சி மாறிக்கொள்வோம். தராசு ஒரு பக்கமும் சாயாமல் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம்.

விலிமோனியின் மனைவி அசெனதா ஒருத்திதான் சட்டிக்கு வெளியே நின்று பேசியவள். "படிக்கிறதுன்னா படிங்க. இல்லேன்னா அந்தப் பையைக் குடுங்க, சேப்பங்கிழங்கு வாங்கப் போகணும்" என்றாள். அவளுக்கு எல்லாப் பக்கமும் பார்க்கத் தெரியவில்லை என்று விலிமோனி வருத்தப்பட்டார்.

எங்கள் முகப்பு மேசையில் கெலேரா என்றொரு பெண். அவள் கையிலும் அதே டிப்ளமாதான். ஒருநாள் அந்த அட்டவணையைப் படித்துப் பார்க்கக் கேட்டு வாங்கினாள். மறுநாள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

"யாரையும் கேக்காமலா?" விலிமோனி ஆடிப்போய்விட்டார்.

"ஒங்க அட்டவணையே போதும்ண்ணே. ரொம்பத் தெளிவா இருந்துச்சு."

அந்த இரண்டு வருஷம் முடிந்து மேலாளர் போனார், பட்டத்தோடு கெலேரா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். விலிமோனி மனதாரக் கை குலுக்கினார். அந்த வெள்ளிக்கிழமையும் வேர்க்கட்டோடு வந்தார். ஆனால் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"நாளைக்கு லிட்டியாவுக்குக் கடைசி ஆட்டம். பள்ளிக்கூடம் முடியுதுல்ல" என்றார், சட்டியைப் பார்த்தபடி.

இரண்டு வருஷமாகக் குடித்தது அத்தனையும் அந்தப் பெண்ணின் சனிக்கிழமைகள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. "மச்சான், நாளைக்கு ஒன் வேலையையும் சேத்து நான் பாக்குறேன். நீ போ" என்றேன்.

விலிமோனி என்னைப் பார்த்தார். அப்புறம் மறுபக்கம் திரும்பினார். "எசாலா, நீ என்ன சொல்றே?"

எசாலா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நிறைய இருந்தது. "வானம் ஒரு மாதிரியா இருக்கே மச்சான். கொஞ்சம் யோசிக்கணும்."

மறுநாள் விலிமோனி போகத்தான் போனார். கரும்பாலை வழியாகப் போகும் பஸ்ஸா, சந்தை வழியாகப் போகும் பஸ்ஸா என்று நிறுத்தத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்ததில் நாலு பஸ் போய்விட்டது. மைதானத்துக்குள் நுழைந்தபோது லிட்டியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். பதினேழு பந்து போட்டாளாம். கேட்டு வந்து சொன்னார்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். உங்கள் கைபேசியிலும் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் நிரப்பிய விண்ணப்பம் ஒன்று திறந்தபடி கிடக்கிறது, இதைப் படித்து முடித்துவிட்டு மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே இங்கே வந்தீர்கள்?

படித்து முடித்துவிட்டீர்கள்.