நகரத்தைப் பற்றிப் பத்து வரி

கட்டுரை இரண்டாம் முறையும் சிவப்பு மையில் குளித்துவிட்டுத் திரும்பி வந்தது. தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர் அதைப் பையில் திணித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகக் குனிந்து மீட்டர் பார்த்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு இங்கிலீஷ் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். மாலை வகுப்பு மிஸ்ஸோ, நம் நகரம் எப்படிப்பட்டது என்று இங்கிலீஷில் பத்து வரி உருப்படியாக எழுதினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்.

முதலில் 'மை சிட்டி ஈஸ் பியூட்டிஃபுல்' என்று ஆரம்பித்து, பத்து வரியிலும் ஒரு பியூட்டிஃபுல் வைத்தார். 'எந்தத் தெரு?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார் மிஸ். சரியென்று பத்துத் தெருவின் பெயரை எழுதினார். 'இதில் சத்தம் குறைவான தெரு எது?' என்று வந்திருந்தது.

மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டாள். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவன். அவன் அகராதியைப் புரட்டி, வாயில் நுழையாத வார்த்தைகளாகப் பொறுக்கிப் போட்டான். படித்தால் ஊருக்கே வக்கீல் நோட்டீஸ் விட்ட மாதிரி இருந்தது. மிஸ் அத்தனையையும் அடித்துவிட்டு, 'தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?' என்று எழுதியிருந்தார்.

"தண்ணியைப் பத்தி என்கிட்டயா கேக்கறாங்க?" என்று வீறாப்பாக உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மழை பெய்தால் எங்கே தேங்கும், நாய்த்தொல்லை உண்டா, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று கேள்விகள் வரிசை கட்டி வந்தன.

மழைக்குக் காத்திருந்து, குடையும் கையுமாகத் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தார். நாய் எண்ணப் போன இடத்தில் ஒன்று துரத்தியது. மடங்க மறுத்த முழங்கால்கள் அன்றைக்கு மட்டும் நன்றாகவே மடங்கின.

கால்களுக்குத் தைலம் தடவிக்கொண்டே மனைவி சொன்னாள். "உக்கார்ற வேலைக்காக ஊரையே சுத்துற ஆளை இப்பதான் பாக்கறேன்."

"உன் தம்பி எழுதினதுக்கு இது தேவலை," என்றார் அவர்.

காலேஜில் படிக்கும் மகள் மட்டும் மிஸ் பக்கம் பேசினாள். வர்ணிக்கிறது என்றால் விவரமாகச் சொல்வதுதானாம், மிஸ் கேட்பது நியாயம்தானாம். வீட்டிலேயே எதிர்க்கட்சி என்று முனகிக்கொண்டு அவர் மறுபடி பேனாவை எடுத்தார்.

கடைசியில் பதினாலு பக்கம் வந்தது. இலக்கணம் அங்கங்கே நொண்டினாலும் ஒரு தெரு விடவில்லை. எல்லாவற்றையும் ஒப்பிட்டு, மாலை வகுப்பு நடக்கும் ஸ்கூலுக்குப் பின்தெருதான் நகரத்திலேயே சிறந்தது, காற்று வரும், நாய் வராது என்று முடித்திருந்தார்.

மிஸ் இரண்டு நாள் வைத்திருந்து இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை. இதைவிட நன்றாக இந்த ஊரை யாரும் வர்ணிக்க முடியாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மீட்டர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் மனசுக்குள் திட்டியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

முன்னறையில் சான்றிதழுக்கு முத்திரை குத்தும் அம்மாவிடம் மனம் விட்டுச் சொன்னார். "மிஸ் மாதிரி அக்கறையா சொல்லிக் குடுக்கறவங்களை நான் பாத்ததே இல்லைங்க. வேற யாரா இருந்தா மொதல் தடவையே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பாங்க."

அந்த அம்மா நிமிராமல் முத்திரையைக் குத்தினார். "மிஸ் இந்த ஊருக்கு வந்தே ஒரு மாசம்தான் ஆகுது, நாளைக்கு ஸ்கூல் பின்தெருவுக்குக் குடி போறாங்க, அடுத்த பேட்ச்சுக்குத் தலைப்பு, 'நல்ல பல் டாக்டர்'."